உளிக்கு வாங்கிய ஐஸ்

குஞ்சம்மாள் பட்டறைப் பெட்டியின் மரத்தூளுக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினாள். ஐஸ்கட்டி விரலில் பட்டதும் சுரீரென்றது. கரைந்தது போக நிறையவே இருந்தது. பெட்டியோடு கூடத்துக்கு இழுத்துவந்தாள். அங்கேதான் அவள் புருஷன் கருப்பண்ணனைக் கிடத்தியிருந்தார்கள். நேற்றுச் சாயங்காலம் உலை முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவன்.

சூரமங்கலத்து வெள்ளைக்கல் குவாரிக்குத் துளையுளி அடித்துக் கொடுத்தவன் அவன். உளியைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்ததோடு விடமாட்டான். உப்புத் தூவிய ஐஸில் வேறு புதைத்துவைப்பான். "உளிக்கென்ன காய்ச்சலா கண்டுருக்குது?" என்று அவள் கேலி பேசாத நாளில்லை.

குவாரியில் துளை போடும் சின்னுசாமி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணன் பொதைச்ச உளி உள்ள கெடக்குதுங்க அக்கா. ஐஸு கரையற மட்டும் எடுக்கப்படாதுன்னாருங்க. போன தடவை வெச்சது பொழுதுக்கும் மழுங்கலீங்க."

"எடுக்கலே சாமி. அவரோடவே கெடக்கட்டும்."

ஐஸையும் உளிகளையும் சேர்த்தே புருஷனின் விலாவோரம் அடுக்கினாள்.

"உச்சிக்கு முன்ன தம்பிய எடுத்தரோணும் அம்மிணி. சித்திரை வெயிலு" என்றார் கருப்பண்ணனின் அண்ணன் காளியப்பன்.

"அத்தாயி வந்து அப்பன் மூஞ்சியப் பாக்கோணுங்க மாமா. கோலாருக்குத் தந்தி போயாச்சு. மக வராம எடுக்க உடமாட்டேன்."

அவர் வெளியே போய்விட்டார். ஐஸிலிருந்து கிளம்பிய வெண்புகை தரையோடு ஊர்ந்தது. வெளியில் வெயில் கொளுத்த, கூடத்தில் மட்டும் ஏற்காட்டு மார்கழி இறங்கியிருந்தது. ஒப்பாரி எங்கோ மலைக்கு அப்பால் கேட்பது போலிருந்தது. பனிக்குள் அவன் அயர்ந்து தூங்குகிறான், கூப்பிட்டால் எழுந்துவிடுவான் என்று தோன்றியது. "ஏனுங்க" என்று மெல்லக் கூப்பிட்டும் பார்த்தாள். முகம் மாறிவிடுமோ என்று அவளுக்குப் பயம். மகள் பார்க்கும்போது அப்பன் அப்பனாகவே இருக்க வேண்டும். ஐஸைத் தொட வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தாள்.

வெயில் சாயத் தொடங்கியபோது அத்தாயி வந்தாள். ஸ்டேஷனிலிருந்து ஓடியே வந்திருப்பாள் போல, மூச்சிரைத்தது. அழவில்லை. அப்பன் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள்.

"ஆத்தா, அப்பனுக்கு இப்பிடிக் குளிருதே!"

சொல்லிக்கொண்டே ஐஸ்கட்டிகளை ஒவ்வொன்றாகத் தள்ள ஆரம்பித்தாள். வாசலிலிருந்த காளியப்பன் தடுக்க உள்ளே வந்தார். குஞ்சம்மாள் அவரைக் கையமர்த்தினாள். பிறகு மறுபக்கம் போய் உட்கார்ந்து, அந்தப் பக்கத்துக் கட்டிகளை முந்தானையில் அள்ளிக் கொண்டுபோய் வாசல் வெயிலில் வைத்தாள்.