கடைசிப் பொட்டலம், ஒரு தரம்

நம் பாத்திரக் கடைக்காரர் தன் மூத்த மகளை ஒருமுறை விற்றிருக்கிறார். விலை, பாதி கருகிய ஓர் உருளைக்கிழங்கு.

அப்போது அவளுக்கு ஐந்து வயது. ஏரிக்கரையில் கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, சாப்பிட்டு முடித்த நேரம். தணலில் மிஞ்சிக் கிடந்த ஒரே கிழங்கை மனைவி விளையாட்டாக ஏலம் விட்டாள். "நான் என் பொண்ணையே தர்றேன்" என்றார் இவர். மனைவி ஒரு நொடிகூட யோசிக்காமல் கிழங்கை நீட்டிவிட்டு, பெண்ணைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாங்கியவள் அம்மா என்பதால் சரக்கு வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. ஆனாலும் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டார் என்று தாயும் மகளும் கூட்டணி சேர்ந்து பல வருடம் அவரைக் குத்திக்காட்டிக்கொண்டே இருந்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வீட்டில் பெயர் கறார். பென்சில் வாங்கப் போனாலும் ரப்பரைச் சும்மா வாங்காமல் திரும்பமாட்டாள். அவளுக்குப் பத்து வயதானபோது யாரும் எதிர்பாராமல் பிறந்த தங்கைக்குப் பெயர் கொசுறு. கடைவீதிக் குடும்பம். வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்?

வருடத்துக்கு ஒருமுறை கடையை அடைத்துவிட்டு ஏரிக்கரைக்குப் போவது அந்த வீட்டு வழக்கம். அங்கே சமையல் முழுக்க மனைவியின் ராஜ்யம். நூறு தினுசுச் சட்டி விற்கும் கடைக்காரரின் மனைவி, காட்டுக்கு ஒரே ஒரு பாத்திரம்தான் எடுத்துவருவாள். காய்களை வீட்டிலேயே நறுக்கிவிடுவாள். உருளைக்கிழங்கு, வெங்காயம், கேரட், ஒரு துண்டு வெண்ணெய், உப்பு, மிளகு. எல்லாவற்றையும் அலுமினியத் தாளில் வைத்து ஆளுக்கொரு பொட்டலமாக மடிப்பாள். கறாருக்கு மிளகு கூட, இவருக்கு வெங்காயம் கூட. சோளத்தைத் தோலோடு தண்ணீரில் ஊறவைத்து அப்படியே தணலோரம் தள்ளிவிடுவாள். வாழைப்பழத்தைக் கீறி நடுவில் சாக்லேட்டைச் செருகி, அதையும் தாளில் சுற்றுவாள். கரண்டி பிடிக்கத் தெரிந்தவர்கள் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஒரே ஒரு விஷயம், நெருப்பு அணைந்து தணலாகிற வரைக்கும் பொறுக்க வேண்டும். அது கடைக்காரருக்கு வராது. "பாத்திரம் விக்கிறவருக்குப் பாத்திரத்துக்கு உள்ள என்ன நடக்குதுன்னு தெரியாது" என்பாள்.

பொட்டலங்களை எப்போதும் ஆட்களைவிட ஒன்று கூடுதலாகச் செய்வாள். அந்த ஒன்று ஏலத்துக்கு. ஏலத்தில் காசு செல்லாது. வேலை, வாக்குறுதி, ரகசியம், இவைதான் செல்லும். இரண்டு வருடம் முன்பு கறார் ஒரு பொட்டலத்துக்காக அப்பாவின் செருப்பை மாதம் முழுக்கத் துடைத்திருக்கிறாள்.

போன வருடம் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அன்றிலிருந்து சமையலறை கறாரின் கைக்கு வந்தது. யாரும் அவளிடம் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் அடுப்பின் முன்னால் நின்றிருந்தாள். தங்கைக்குத் தலை வாரி, அப்பாவுக்குச் சாப்பாடு கட்டி, பாத்திரம் கழுவி வைத்துவிட்டுப் பரீட்சைக்குப் படித்தாள். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள். எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பேச்சு மட்டும் குறைந்தது. பேரம் அடியோடு நின்றது.

இந்த வருடம் ஏரிக்கரைக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் காய்கறிக் கடைக்குத் தானும் கூடப் போனார் கடைக்காரர். கறார் கிழங்கைப் பொறுக்கினாள், விலை கேட்டாள், சொன்னதைக் கொடுத்தாள். காய்காரம்மா காசை வாங்காமல் அவளையே பார்த்தாள்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா."

"நீ கேப்பேன்னுதானே ஏத்திச் சொன்னேன்? இப்படிக் கொடுத்தா நான் ராத்திரி எப்படித் தூங்குறது?" என்று காய்காரம்மாவே குறைத்துக்கொண்டு, ஒரு பிடி பச்சை மிளகாயையும் பையில் போட்டாள். கறார் "தேங்க்ஸ்க்கா" என்றாள். பேரம் பேசுகிறவன் மறுபடி வருவான் என்று கடைக்காரருக்குத் தெரியும். சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறவனின் முகத்தை அப்புறம் பார்க்க முடியாது.

அதற்கு ஒரு வாரம் முன்புதான் மனைவியின் தங்கை கடைக்கே வந்திருந்தாள். குக்கர் பெட்டிகளுக்கு நடுவில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, சுத்தி வளைக்காமக் கேக்குறேன். பெரியவளை என்கூட அனுப்புங்க. காலேஜ் என் வீட்டுக்குப் பின்னாலயே இருக்கு. இங்க இருந்தா அவ அந்த சிங்க் முன்னாடியே நின்னு கிழவி ஆயிடுவா."

"இங்கயும்தான் காலேஜ் இருக்கு."

"இருக்கு. அவ முகத்தைப் பாத்தீங்களா நீங்க?"

"யோசிச்சுச் சொல்றேன்."

"இது டம்ளர் இல்ல மாமா, யோசிச்சுச் சொல்றதுக்கு. வர்ற வியாழன் விட்டு அடுத்த வியாழக்கிழமை வர்றேன். அவ வர்றாளா இல்லையான்னு அதுக்குள்ள முடிவு பண்ணுங்க."

கடைக்காரர் அன்று மாலை மகளிடம் கேட்டார். "நீ என்னம்மா நினைக்கிற?"

"நீங்க சொல்லுங்கப்பா."

"உன் மனசுல என்ன இருக்குன்னு சொல்லு."

"நீங்க என்ன சொல்றீங்களோ அதான்ப்பா."

இரண்டு பேருமே விலையை எதிராளியின் வாயிலிருந்து வரவழைக்கப் பழகியவர்கள். இவர் கல்லாவில் கற்றது, அவள் அந்தக் கல்லாவின் மடியில் உட்கார்ந்து கற்றது. போகாதே என்று சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை போதும். ஆனால் அதை முதலில் சொன்னால் அவள் படிப்பைக் கெடுத்த பாவம் வந்துவிடுமோ என்று பயம். அவளாகவே "நான் இங்கயே இருக்கேன்ப்பா" என்று சொல்லிவிட்டால் போதும், கடையையே எழுதிக் கொடுத்துவிடுவார். ஏரிக்கரைக்குப் போவோம், அம்மா செய்ததெல்லாம் நாம் செய்து போடுவோம், பிள்ளை தானாகவே வாய் திறப்பாள் என்று கணக்குப் போட்டார்.

கிளம்புவதற்கு முந்தின இரவு உட்கார்ந்து காயைத் தானே நறுக்கினார். சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டிய கேரட்டைக் கட்டை கட்டையாக வெட்டியிருந்தார். பொட்டலங்களையும் அவரே மடித்தார்.

ஏரிக்கரையில் விறகு நன்றாகப் பிடித்துக்கொண்டது. கடைக்காரர் பொட்டலங்களை எடுத்து நேராக எரிகிற நெருப்பில் வைத்தார்.

"அப்பா!" என்று கத்தியது கொசுறுதான். "அம்மா இப்படி வைக்க மாட்டாங்க!"

கடைக்காரர் ஓரக்கண்ணால் மூத்தவளைப் பார்த்தார். பழைய கறாராக இருந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு பிரசங்கமே நடத்தியிருப்பாள். இவள் குச்சியை எடுத்து, பொட்டலங்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, "கொஞ்சம் தணலாகட்டும்ப்பா" என்றாள். அவ்வளவுதான். ஊரார் வீட்டுக் குழந்தை தவறு செய்தால் சொல்வது மாதிரி, மெதுவாக.

மூன்று பேரும் உட்கார்ந்து நெருப்பு அடங்கக் காத்திருந்தார்கள். சோளத்தை ஊறவைக்க மறந்திருந்ததால் அது காய்ந்து கறுத்தது. கேரட் வேகவில்லை. உருளைக்கிழங்கு மட்டும் எப்படியோ தப்பித்து மெத்தென்று வெந்திருந்தது. கொசுறு வாயெல்லாம் வெண்ணெயாக, "நல்லாத்தான் இருக்கு, கேரட்டைத் துப்பிட்டா" என்று சான்றிதழ் கொடுத்தாள்.

தணலில் இரண்டு பொட்டலங்கள் மிஞ்சின. நான்கு பேர் இருந்த பழைய கணக்கிலேயே ஐந்தாக மடித்துவிட்டிருந்தார்.

"ஒண்ணு ஏலத்துக்கு" என்றாள் கொசுறு. விரலால் மற்றதைக் காட்டினாள். "இது?"

கறார் அந்தப் பொட்டலத்தின் மேல் குச்சியால் சாம்பலை இழுத்துவிட்டாள். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, கரண்டியைக் கையில் எடுத்தாள். அம்மாவின் இடத்தில் நின்றுகொண்டு, "சரி, ஏலம் ஆரம்பம். கேக்குறவங்க கேக்கலாம்" என்றாள். அவள் குரலில் ஒரு சிட்டிகை பழைய உறைப்பு தெரிந்தது. கடைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என் பல்லு!" என்றாள் கொசுறு, வாயைத் திறந்து ஆட்டிக் காட்டி.

"ஆடுற பல்லு செல்லாது. விழுந்ததும் எடுத்துட்டு வா."

"அப்ப ஒரு ரகசியம் சொல்றேன். அப்பா நேத்து கேரட் நறுக்கும்போது அழுதாரு."

"வெங்காயம்" என்றார் கடைக்காரர்.

"கேரட்" என்றாள் கொசுறு.

கறார் கரண்டியால் பாத்திரத்தில் ஒரு தட்டுத் தட்டினாள். "ஏற்கெனவே கேட்ட ரகசியம், தள்ளுபடி. அப்பா, நீங்க?"

"ஒரு வாரம் பாத்திரம் நான் கழுவறேன்."

"பாத்திரக் கடைக்காரர் ஒரு வாரம்தான் கழுவுவாரா? கேவலமா இருக்கே!"

அவருக்கு உயிர் வந்தது. பிள்ளை பேரம் பேசுகிறாள். "பத்து நாள்!"

"ம்ஹூம்."

"பதினஞ்சு. இதுக்கு மேல கட்டுப்படி ஆகாது தாயே."

"ஒரு தரம்" என்று அவள் கரண்டியை ஓங்கினாள். அடிக்கவில்லை. அதைப் பிடித்தபடியே, அவரைப் பார்க்காமல் தணலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"பதினஞ்சு நாள் நான் வீட்டுல இருந்தாத்தானேப்பா அது செல்லும்?"

இதற்காகத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தார். போகாதே என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது. ஆனால் முப்பது வருடக் கடைப் பழக்கம், எதிராளி இறங்கத் தொடங்கும்போது வாயை மூடிக்கொள்ளச் சொன்னது. இன்னும் ஒரே ஒரு வார்த்தை, அவளே சொல்லிவிடுவாள். பொறு.

"அது உன் இஷ்டம்மா" என்றார்.

கடைவீதியில் 'உங்க இஷ்டம்' என்பதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. வேண்டிய வாடிக்கையாளரிடம் சொன்னால், போய்விடாதீர்கள், இன்னும் ஒரு வார்த்தை கேளுங்கள், நான் இறங்கிவருகிறேன் என்று பொருள். வேண்டாதவரிடம் சொன்னால், வாசல் அந்தப் பக்கம் என்று பொருள். வார்த்தை ஒன்றுதான். சொல்கிறவர் முகத்தை நிமிர்த்தி வைத்திருக்கிறாரா, திருப்பிக்கொண்டாரா என்பதில் இருக்கிறது வித்தியாசம். கடையில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்.

கடைக்காரருக்குக் கண் நிரம்பிவிட்டது. பிள்ளைகள் பார்க்கக் கூடாது என்று, புகை வந்ததுபோல முகத்தை ஏரிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

கரண்டி அந்தரத்தில் நின்றது.

"அக்கா, கை வலிக்கலையா?" என்றாள் கொசுறு.

"ரெண்டு தரம்" என்றாள் கறார். கொஞ்சம் காத்திருந்தாள். நெருப்பில் ஒரு கட்டை சரிந்து பொறி பறந்தது. "மூணு தரம்."

தட்டிய சத்தம் மெதுவாகத்தான் கேட்டது. பொட்டலத்தைத் துணியில் பிடித்து எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள். "சூடு. பாத்துப் பிரிங்கப்பா."

"இன்னும் கேட்டிருக்கலாமே நீ" என்றார் அவர்.

"போதும்ப்பா."

காலையில் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்கிக்கொண்டே, "சித்திகிட்ட வர்றேன்னு சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை, குறை இல்லை. காய்காரம்மாவிடம் விலை கேட்ட அதே குரல். கோபமோ குறையோ இருந்தால், அதில் எதையாவது பிடித்து அவர் பேச்சைத் தொடங்கியிருப்பார்.

"சொல்லும்மா. படிப்பு முக்கியம்."

"சரிப்பா."

வீட்டுக்கு வந்த அன்றே கடைக்காரர் சிங்க்கின் முன்னால் நின்றார். மகள் அருகில் வந்து, அடிப்பிடித்ததை முதலில் ஊறவைக்க வேண்டும், கண்ணாடி டம்ளரைக் கடைசியில் கழுவ வேண்டும் என்று காட்டிக் கொடுத்தாள். அவர் கழுவக் கழுவ வாங்கித் துடைத்து அடுக்கினாள். பெட்டி கட்டும் வேலைக்கு நடுவிலும் நான்கு நாளும் தவறாமல் வந்து நின்றாள். இரண்டு பேரும் சோப்பைப் பற்றியும் குழாய் ஒழுகுவதைப் பற்றியும் நிறையப் பேசினார்கள்.

வியாழக்கிழமை சித்தி சொன்னபடி வந்து அழைத்துப் போனாள். கொசுறு தெருமுனைவரை வண்டியோடு ஓடிவிட்டு, திரும்பி வந்து, அக்காவின் தலையணையைத் தன் கட்டிலுக்கு மாற்றிக்கொண்டாள்.

அன்றிரவு மகளே போன் செய்தாள். போய்ச் சேர்ந்ததைச் சொன்னாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டாள்.

"உனக்கு நான் பாக்கி வெச்சிருக்கேன்மா" என்றார் அவர். "பாத்திரம்."

"பரவாயில்லப்பா, விட்டுடுங்க. நான் கேக்க மாட்டேன்."

"அதெப்படி? வாங்கித் தின்னுருக்கேனே."

"சும்மா விளையாட்டுதானேப்பா அது" என்றாள். தங்கையிடம் போனைக் கொடுக்கச் சொன்னாள்.

கடைக்காரர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தார். சிங்க்கில் இரண்டு தட்டுகள் கிடந்தன. அவற்றைக் கழுவினார். பிறகு, அலமாரியில் காய்ந்து சுத்தமாக இருந்த மூன்றாவது தட்டை எடுத்து, அதையும் ஒருமுறை கழுவித் துடைத்து வைத்தார். ஆனால் அது கணக்கில் சேராது. அவர் நாணயமான வியாபாரி, சாப்பிடாத தட்டைக் கழுவி வரவு வைக்கமாட்டார்.

பேசியது பதினைந்து. கழித்தது நான்கு. பாக்கி பதினொன்று.