சர்வேயர் வீட்டு மாப்பிள்ளை

அந்தச் சரக்குக் கப்பலில் இதுவரை விபத்து என்று ஒன்று நடந்ததே இல்லை. கப்பல்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற சர்வேயர் அப்படித்தான் எழுதி வைத்திருந்தார். சிமெண்டு, நிலக்கரி, உரம், கோதுமை என்று கிடைத்ததையெல்லாம் சுமந்து, மூன்று முதலாளிகளிடம் கைமாறி, மூன்று தடவை பெயர் மாறி, ஒவ்வொரு பெயரோடும் பழைய பாவத்தைத் தலைமுழுகிவிட்டு வந்த புண்ணியவதி அது. கயிறு அறுந்து ஒரு மாலுமியின் கால் முறிந்ததே? அவன் குளியலறையில் வழுக்கி விழுந்தான். சரக்கு அறை மூடி வழியாகக் கடல் தண்ணீர் இறங்கி ஒரு அறை கோதுமை நாறிப் போனதே? கோதுமை ஏற்றும்போதே ஈரம். மனுஷனுக்கும் தானியத்துக்கும் ஆயிரம் நடக்கும், அதற்கெல்லாம் பாவம், கப்பல் என்ன செய்யும்?

வருடா வருடம் சர்வேயர் அதைச் சோதிக்கிற அழகைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். வெள்ளைச் சட்டை கசங்காமல் நேரே கேப்டன் அறைக்குப் போவார். ஏசிக்கு நேர் கீழே மெத்தை நாற்காலி.

"மூடியெல்லாம் எப்படி?"

"பிரமாதம் சார்."

"உயிர்காப்புப் படகு?"

"போன மாசம்தான் பெயிண்ட் அடிச்சோம் சார்."

அடித்தார்கள்தான். பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்து, படகை இறக்குகிற கொக்கி அசையாமல் கெட்டியாக ஒட்டிப் போயிருந்தது. கப்பல் சமையல்காரருக்குக்கூட அது தெரியும். சர்வேயருக்கும் அரசல் புரசலாகக் காதில் விழுந்துதான் இருந்தது. ஆனால் அவருக்கு முழங்கால் வலி, கப்பல் ஏணிகளோ செங்குத்து. கையெழுத்துப் போட ஏணி எதற்கு என்று இருந்துவிட்டார்.

ஊரில் அவருக்கு மரியாதைக்குக் குறைவில்லை. ஒரே மகளுக்குக் கப்பல் இஞ்சினியராகப் பார்த்துத்தான் கட்டிக் கொடுத்தார். அந்த மாப்பிள்ளை ஒரு சாயங்காலம் வாயெல்லாம் பல்லாக வீட்டுக்குள் நுழைந்து, எந்தக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னபோது, சர்வேயர் குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுவா?" என்றார். "அது வேண்டாம் மாப்பிள்ளை."

"ஏன் மாமா?"

"அந்தக் கேப்டன் ஒரு மாதிரி. எடுத்ததுக்கெல்லாம் எரிஞ்சு விழுவான்."

"நான் இஞ்சின் ரூம்ல இருக்கப் போறேன். அவர் மேல இருந்து எரிஞ்சு விழட்டும்."

"சாப்பாடு வாயில வைக்க முடியாது."

"ஊறுகாய் கட்டிக் குடுக்கறேன்" என்று மாமியார் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தார். பெரிய உதவி!

மகள் கூடத்தில் பெட்டியை விரித்துப் போட்டு, புருஷனின் சட்டைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். அப்பா இப்படிச் சப்பைக்கட்டு கட்டி அவள் பார்த்ததில்லை. "என்னப்பா, சுத்தி வளைக்காம விஷயத்தைச் சொல்லுங்க" என்றாள்.

சர்வேயர் மென்று விழுங்கினார். கடைசியில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. "மூடி ஒழுகுது. படகு இறங்காது. பெரிய அலை வந்தா தாங்காதும்மா."

மாப்பிள்ளை சிரித்தே விட்டார். "நல்லா இருக்கே! எல்லாம் நல்லா இருக்குன்னு வருஷா வருஷம் எழுதினது நீங்கதானே? ரெண்டு கப்பல்ல எது வேணும்னு கேட்டாங்க. உங்க கையெழுத்தைப் பாத்துட்டு, நம்ம மாமா பாத்த கப்பல்னு இதைக் கேட்டு வாங்கினேன்."

"அந்த இன்னொண்ணுக்கே போங்களேன்."

"அது யாரு பாத்த கப்பல்?"

அதுவும் சர்வேயர் பார்த்ததுதான். அதாவது, அதிலும் மெத்தை நாற்காலி ஒன்று உண்டு.

"சரி மாமா, நீங்களே சொல்லுங்க. நீங்க கீழ வரைக்கும் இறங்கி, கண்ணால பாத்த கப்பல் ஏதாவது ஒண்ணு. அதுக்கு மாத்திக் கேக்கறேன்."

மேஜைக்கு முன் உட்கார்ந்து பரீட்சைக் கேள்வி தெரியாமல் விழிக்கிற பையனைப் போல மனுஷன் கூரையைப் பார்த்தார். துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களெல்லாம் ஒவ்வொன்றாக மனதில் வந்தன. எல்லாவற்றிலும் கேப்டன் அறைதான் ஞாபகம் வந்தது. ஒன்றில் திரைச்சீலை பச்சை, ஒன்றில் நீலம்.

மாப்பிள்ளைக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "அப்ப நான் இதுலயே ஏறி, எல்லாத்தையும் பாத்து, சரியில்லன்னு எழுதிப் போடறேன். அது யாருகிட்ட வரும்?"

"எங்கிட்டதான்."

"வந்தா?"

வந்தால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். 'சரி செய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார். எத்தனையோ தடவை எழுதிய வரி. மாப்பிள்ளை முகத்துக்கு நேரே அது வாயில் வரவில்லை. "உங்க புகாரை அப்படியெல்லாம் விட்டுடுவேனா?" என்றார்.

"அப்ப மத்தவங்க எழுதினதை?" என்றாள் மகள்.

சர்வேயர் எழுந்து போய் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்தார். அவள் பெட்டியில் வைத்த சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். "இவரு போகல. உங்க கையெழுத்து இருக்கிற எந்தக் கப்பலுக்கும் இவரு போக வேண்டாம். வேற துறைமுகத்துல தேடிக்கட்டும். இங்க உங்களை நம்பி என்னால இருக்க முடியாதுப்பா."

பெற்ற பெண் இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் வலிக்காது? அவருக்கும் வலித்தது, கண்கூடக் கலங்கியது. தன்னை அவமானப்படுத்திவிட்டாள் என்று மனைவியிடம் ஒரு பாட்டம் புலம்பினார். மாப்பிள்ளை பிழைத்தார் என்ற நிம்மதியில் சீக்கிரமே தூங்கியும் போனார்.

அந்த வாரக் கடைசியில் கப்பல் வழக்கம்போலக் கிளம்பத் தயாராக நின்றது. காலியான இஞ்சினியர் வேலைக்கு வேறு ஒரு வீட்டு மாப்பிள்ளை சந்தோஷமாக வந்து ஏறினார். சர்வேயர் கேப்டன் அறையில் உட்கார்ந்து அந்த வருடச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.