கேல் கீரை தழைத்த பருவம்

லிஃப்ட் மெக்கானிக்கின் இதயத்தில் உலோக வால்வு வைத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இனி லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டாம் என்று கம்பெனி அவரைப் புகார் தொலைபேசிக்கு முன்னால் உட்கார வைத்துவிட்டது. "ஊரையே மேல ஏத்திவிட்டேன், நான் தரைதட்டிப் போயிட்டேன்" என்று ஒரே ஒருமுறை மனைவியிடம் சொன்னார். அதன்பிறகு வீட்டில் அவர் பேச்சு குறைந்துவிட்டது. மின்சாரம் போய் விசிறி நின்றால் அவர் மார்பிலிருந்து கடிகாரம் போலச் சத்தம் கேட்கும். அவள் கேட்காத மாதிரி தையல் மெஷினை வேகமாக மிதிப்பாள்.

அவள் பள்ளிச் சீருடை தைப்பவள். பாவாடை அளவு கொடுக்க வந்த ஒரு பெண்தான் கேல் கீரையைப் பற்றிச் சொன்னாள். முட்டைக்கோஸுக்குச் சொந்தம், ஆனால் உருண்டை கட்டாது, இலை சுருட்டை சுருட்டையாக வரும், ரத்தத்துக்கு அவ்வளவு நல்லது என்றாள். ரத்தத்துக்கு நல்லது என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அன்று சாயங்காலமே தையல்காரி விதைப் பொட்டலத்தோடு மொட்டை மாடிக்கு ஏறினாள்.

அது வெயில் ஏறிக்கொண்டிருந்த மாதம். முளைத்தவை நூலாக நீண்டு ஒரே மதியத்தில் படுத்துவிட்டன. பிழைத்த நாலு செடியில் இலை செருப்புத் தோலாகத் தடித்தது. அதையும் அவள் வதக்கி வைத்தாள். மென்று பார்த்த கணவர், "பாகற்காய்க்கு மூத்த அண்ணன் போல" என்றார். அவள் சிரிக்கப் போய் அழுதுவிட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில்கூட அழாதவள் கீரைக்கு அழுவதைப் பார்த்து அவர் எழுந்துவந்து, தட்டில் இருந்ததை ஒரு வாய் விடாமல் தின்று முடித்தார்.

விதைக்கடைக்காரர் அவள் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

"வெயில் ஏறும்போது இதைப் போடக்கூடாதும்மா. இறங்கும்போது போடணும். மழை விட்டு, காத்து கொஞ்சம் குளிரட்டும். அதுவரைக்கும் பொறுங்க."

பொறுத்தாள். மழை ஓய்ந்த வாரம் ஆழமில்லாத தட்டில் விதைத்து நிழலில் வைத்தாள். நாலு இலை வந்ததும் ஒரு சாயங்காலம் பார்த்துத் தொட்டிகளுக்கு மாற்றினாள். உச்சிவெயிலுக்குப் பச்சை வலை கட்டினாள். கம்பங்களை நட்டுக் கொடுத்தவர் கணவர்தான். மண் சூடாகாமலிருக்கக் காய்ந்த சருகைப் பரப்பினாள். விடிந்ததும் வேரில் மட்டும் தண்ணீர், பிறகு இலைகளைத் திருப்பித் திருப்பிப் பச்சைப் புழு வேட்டை. அவர் ஒரு முக்காலியில் உட்கார்ந்து புழுவுக்கு எண்ணிக்கை சொல்வார். ஒருநாள், "உன் மாமியார் உயிரோட இருந்தப்போ அவங்களைக்கூட இவ்வளவு கண்காணிச்சதில்ல" என்றார். அவள் மண்கையால் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். வீட்டுக்குப் பேச்சு திரும்பிவந்தது.

கீரை தழைத்தது. அடியிலிருக்கும் வெளி இலைகளை மட்டும் இளசாகக் கிள்ளினால் நடுக்குருத்து மறுபடி மறுபடி விட்டது. தினமும் இரண்டு கைப்பிடி. காலையில் பருப்போடு, மாலையில் வதக்கலாக. அவர் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. வால்வுக்காகத் தினமும் போடும் மாத்திரையின் அளவைச் சரிபார்க்க மாதாமாதம் ரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டும். கீரை தழைத்த இரண்டு மாதமும் லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டார். முகம் தெளிந்திருந்ததால் அவளும் வற்புறுத்தவில்லை.

ஒருநாள் காலையில், சாப்பிட்டுக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து கரண்டி நழுவியது. எடுக்கக் குனிந்தவர் நிமிரவில்லை. அவள் தூக்கிப் பார்த்தபோது வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அக்கம்பக்கத்தார் நாற்காலியில் வைத்துக் கட்டி நாலு மாடி இறக்கினார்கள்.

வால்வில் ரத்தம் கட்டி, அதில் ஒரு துணுக்கு மூளைக்குப் போய்விட்டது என்றார் டாக்டர். மாத்திரை ஒழுங்காகப் போட்டாரா என்று கேட்டார். ஒருவேளைகூடத் தவறவில்லை என்றாள். சாப்பாட்டில் புதிதாக ஏதாவது மாற்றமா என்று கேட்டார். அவள் கீரையைப் பற்றிச் சொன்னாள். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டாக்டரின் பேனா நின்றது.

"கீரை கெட்டது இல்லம்மா. திடீர்னு அவ்வளவு கூடினதுதான் தப்பு. மாத்திரை ரத்தத்தை உறையவிடாம இழுக்குது, கீரை உறையற பக்கம் இழுக்குது. டெஸ்டுக்கு வந்திருந்தா மாத்திரை அளவைக் கூட்டியிருப்போம். டிஸ்சார்ஜ் அன்னிக்கே அவர்கிட்ட விளக்கமா சொல்லி, எழுதியும் கொடுத்தோமே."

அன்று அவள் மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தாள்.

அந்தத் தாள் அலமாரியில் அவருடைய பழைய ஸ்பானர் பைக்கு அடியில் கிடைத்தது. நாலாக மடித்திருந்தது. கீரை வகைகள் என்ற வரிக்குக் கீழே யாரோ பேனாவால் கோடு போட்டிருந்தார்கள்.

பதினோராம் நாள் அவருக்கு நினைவு தெளிந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. சொல்வது புரிகிறது என்றார்கள். வார்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் தாளை விரித்துக் காட்டினாள்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

அவர் தாளைப் பார்க்காமல் அவளையே பார்த்தார். பிறகு தலையை அசைத்தார். தெரியும்.

"அப்புறம் ஏங்க தின்னீங்க?"

தொண்டையிலிருந்து ஏதோ புறப்பட்டது. சொல்லாக மாறாமல் உதட்டோரம் எச்சிலாக வழிந்தது. துடைத்துவிட்டாள். தாளை மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

மறுநாள் அவருடைய அக்கா வந்தாள். டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வார்டு வாசலிலேயே பத்துப் பேர் பார்க்க, "எமன் எருமையில வருவான்னு சொல்வாங்க. என் தம்பிக்குக் கீரைக் கட்டுல வந்தான், அதையும் நீயே உன் கையால ஊட்டிவிட்டே" என்றாள்.

தாள் தையல்காரியின் பைக்குள் இருந்தது. எடுத்து நீட்டியிருந்தால் பேச்சு அந்த இடத்திலேயே முடிந்திருக்கும். தெரிந்தே தின்றார் என்று ஆகிவிட்டால், கோணிய வாயோடு கிடக்கும் மனிதனைச் சொந்தங்கள் எல்லாம் வந்து ஏன் ஏன் என்று உலுக்கும். பதில் சொல்ல அவருக்கு நாக்கு இல்லை.

"எனக்குத் தெரியாமப் போச்சு அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

அவரை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாடிக்குப் போனாள். தண்ணீர் காணாத செடிகளில் வெளி இலைகள் மஞ்சளாகித் தொங்கின. குருத்துகள் மட்டும் உயிரோடு இருந்தன. வலையைப் பிரித்தாள். ஒவ்வொன்றாக வேரோடு பிடுங்கிக் கோணிப்பையில் போட்டுக் கட்டினாள். எதிர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், நல்லாத்தானே இருக்கு, எனக்காவது கொடுக்கலாமே என்றாள். உங்க வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிடுகிறார்களா என்று இவள் கேட்டாள்.

கீழே, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அவள் நகக்கண் மண் போகக் கை கழுவிவிட்டு, அவர் தோளுக்கடியில் ஒரு கையையும் இடுப்புக்கடியில் ஒரு கையையும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு புரட்டினாள்.