சரிபார்க்க ஒரு கை

இப்படி நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம். தன் உடம்பைத் தங்கமாகப் பார்த்துக்கொண்ட ஒரு தராசுக்காரர் கதையைச் சொல்கிறேன். கொஞ்சம் சிரிப்பு வரும், கொஞ்சம் கண்ணும் கலங்கும். இரண்டுக்கும் நான் பொறுப்பு.

அவர் தராசு விற்பவர் அல்ல, பழுது பார்ப்பவர். கடைத்தெரு முனையில் ஒற்றை அறைப் பட்டறை. எந்தத் தராசு வந்தாலும் முதலில் தட்டில் ஒரு கிலோ இரும்புக் கல்லை வைப்பார். ஒரு கிலோ காட்டினால் தராசு யோக்கியம். காட்டாவிட்டால் பொய் சொல்வது தராசுதான், கல் அல்ல. முப்பது வருடத்தில் அந்தக் கல்லை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

போன வருடம் ஒருநாள் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். பிழைத்து வந்தபின் ஆளே வேறு. புகை போயிற்று, உப்பு போயிற்று, இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்று வீட்டுக்குள் வந்தது. தினமும் காலையில் அளந்து நோட்டில் எழுதுவார். ஆனால் தொழில் புத்தி எங்கே போகும்? கருவியை நம்புமுன் சரிபார்க்க வேண்டாமா? அதற்கு மனைவியின் கை இருந்தது.

"இங்க வா, மெஷின் ஒழுங்கா இருக்கான்னு பாப்போம்."

அடுப்படியிலிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். நூற்றிருபது, எண்பது. "கல்லு மாதிரி இருக்கே!" என்று மெச்சிவிட்டு, பட்டியைக் கழற்றித் தன் கையில் சுற்றிக்கொள்வார். அவர் அளவு நோட்டுக்குப் போகும். அவள் அளவு காற்றோடு போகும்.

சில மாதங்களில் அவள் கையில் நூற்று நாற்பது காட்டத் தொடங்கியது. தராசுக்காரர் அசரவில்லை. கருவி இருபது கூட்டிச் சொல்கிறது என்று முடிவுகட்டி, தன் அளவில் இருபதைக் கழித்து எழுதினார். நூற்றைம்பது காட்டினால் நோட்டில் நூற்று முப்பது. உடம்பு தேறிவருவதாக உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. வீடும் அவர் உடம்புக்கு அனுசரணையாக அடங்கிக் கிடந்தது. சத்தம் ஆகாது என்று ஒருமுறை சொல்லியிருந்தார். அன்றிலிருந்து பாத்திரம்கூடப் பூனைநடை நடந்தது.

ஒரு திங்கட்கிழமை அவள் கையில் நூற்று அறுபத்தெட்டு வந்தது.

"போச்சு, மெஷின் அவுட்டு" என்றார். பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பேட்டரி மாற்றினார், குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு தேடினார். மறுநாள் நூற்று எழுபத்திரண்டு.

"உன் கையில சுத்தினா மட்டும் ஏன் இது இப்படி அடம்பிடிக்குது?"

"அதுக்கும் என்னைப் பிடிக்கலை போல" என்றாள் அவள், கதவைப் பிடித்துக்கொண்டே எழுந்து.

வெள்ளிக்கிழமை கருவியைத் தூக்கிக்கொண்டு டாக்டரம்மாவிடம் கிளம்பினார். "நீயும் வா. நீ இல்லாம இதை எப்படிச் சரிபாக்கிறது?"

டாக்டரம்மா அவள் கையில் முதலில் தன் கருவியையும், பிறகு அவருடையதையும் சுற்றிப் பார்த்தார். இரண்டும் ஒரே எண்ணைத்தான் சொல்லின.

"மெஷின்ல ஒரு கோளாறும் இல்லை ஐயா."

"அப்ப ஏன் இவ்வளவு காட்டுது?"

"அவ்வளவு இருக்கு, காட்டுது." டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். "தலைவலி உண்டாம்மா?"

"இவளுக்கு அதெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்றார் தராசுக்காரர்.

"நான் அம்மாவைக் கேட்டேன்."

அவள் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "இருக்கு. தூக்கமும் இல்லை. இவருக்கு மூச்சு வருதான்னு மூக்குக்கிட்ட விரலை வச்சு வச்சுப் பாப்பேன். அப்புறம் எங்க தூங்குறது?"

"ஏம்மா வாயைத் திறந்து சொல்லலை?"

"சொன்னா இவருக்குப் பிரஷர் ஏறுமே."

அடுத்து அவர் கையிலும் சுற்றினார்கள். நூற்றைம்பத்தாறு. நோட்டைப் பார்த்து, அதில் கழித்தல் நடந்த கதையையும் கேட்டு டாக்டரம்மா நெற்றியில் கைவைத்துக்கொண்டார். அவருக்கு மாத்திரையை மாற்றி, அவளுக்குப் புதிதாக எழுதி, பத்து நாளில் இருவரும் சேர்ந்தே வரவேண்டும் என்றார்.

திரும்பும் வழியெல்லாம் தராசுக்காரர் அந்த நோட்டையே புரட்டிக்கொண்டு வந்தார். தான் தேறியதாக நினைத்த ஒவ்வொரு நாளும் அவள் தேய்ந்த நாள் என்பது நெஞ்சில் முள்ளாய் நின்றது. எத்தனை ஆயிரம் தராசை நிறுத்துப் பார்த்த கை இது! கல்லையும் ஒருநாள் நிறுத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லையே.

"எத்தனை நாளா தூங்கலை?" என்று வீட்டு வாசலில் கேட்டார்.

"நீங்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள்லேருந்து" என்றாள், பூட்டைத் திறந்தபடி.

மறுநாள் காலை தேநீரை அவரே போட்டார். மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். நாற்காலியில் அவளை உட்காரவைத்துப் பட்டியைச் சுற்றினார். டாக்டரம்மா சொன்னது நினைவு வந்தது.

"அளக்கிறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கணுமாம்."

"ஒரு வருஷமா அதைத்தானே செஞ்சுட்டிருக்கேன்" என்றாள்.

அவர் பொத்தானிலிருந்து விரலை எடுத்தார். முக்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"சரி, பேசு. மெஷின் எங்கயும் ஓடிடாது."

முதலில் அவள் நம்பவில்லை. பிறகு தங்கச்சியின் மாமியார் பல்செட்டைத் தொலைத்துவிட்டு வீட்டையே புரட்டிப்போட்ட கதையில் ஆரம்பித்தாள். கடைசியில் அது கிழவி வாயிலேயே இருந்ததாம். அவர் சிரித்ததும் அவளுக்கு வேகம் பிடித்துக்கொண்டது. ஒரு வருடத்துக் கதை, ஒன்றன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக வந்தது. நடுவில் இரண்டு இடத்தில் குரல் உடைந்தது; அவர் அவசரப்படுத்தவில்லை. காத்திருந்து பார்த்த கருவி தானாகவே அணைந்துபோனது. அவள் கதையில் வருகிறவர்களின் உயரத்தையும் பருமனையும் அந்தக் கையாலேயே காட்டிக்கொண்டிருந்தாள். கையில் சுற்றிய பட்டியும் அதன் குழாயும் கூடவே ஆடிக்கொண்டிருந்தன.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் யாரும் வலியை விழுங்கிக்கொண்டு வேலை செய்ய நேராதிருக்கட்டும். கேட்க ஒரு காது எப்போதும் வீட்டில் இருக்கட்டும். பெரியவர் சிறியவர் எல்லோரும் கண்ணயர்ந்து தூங்கி, முகம் மலர்ந்து எழுந்திருங்கள்.