ஆறாவது தாளில் நான் செய்தது

1.

இந்தக் கதை ஒரு திட்டிலிருந்து பிறந்தது. திட்டியவள் பிரியந்தி. வாங்கிக்கட்டிக்கொண்டது யார் என்பதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன், எனக்கும் மானம் ரோசம் எல்லாம் இருக்கிறது.

கந்தப்பளை பஜாரில் எனக்கு ஒரு சின்னக் கடை. போட்டோகொப்பி, பிரின்ட், ஃபோனுக்கு ரீலோட். ஆள் வராத நேரத்தில் அதே கம்பியூட்டரில் கதை எழுதுவேன். இந்தக் கதைக்கு இதுவரை மூன்று தொடக்கம் எழுதியாயிற்று.

முதலாவது: “மூடுபனி விலகாத அந்த மலைச்சரிவில்—”

வேண்டாம். மலையகத்துக் கதை என்றதும் பனியை இழுத்துப் போர்த்திக்கொள்வது எனக்கே சலித்துவிட்டது. அன்றைக்கு நல்ல வெயில்.

இரண்டாவது: “மேக்ரோ என்பது, ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று கம்பியூட்டருக்கு ஒருமுறை சொல்லி வைத்தால், பிறகு ஒரு பொத்தானைத் தட்டியதும் அதைத் தானே திரும்பத் திரும்பச் செய்யும்—”

இது பாடப்புத்தகம். இருந்தாலும் அடிக்காமல் விடுகிறேன், மூன்றாம் பகுதிக்குத் தேவைப்படும்.

மூன்றாவது தொடக்கம் கீழே.

2.

பிரியந்திக்கு இருபத்தேழு வயது. கந்தப்பளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மரண உதவிச் சங்கத்தின் செயலாளர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பந்தல், கதிரை, பெட்டி என்று ஓடுவது அந்தச் சங்கம்தான். அதனால் தோட்டத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற முழு விவரமும் அவளுடைய எக்செல் கோப்பில் இருந்தது. மொத்தம் ஆறு தாள். ஐந்து தாள்களில் உயிரோடு இருப்பவர்கள். ஆறாவது தாளின் பெயர் ‘காலமானோர்’.

போன வருடம் அங்கே லயம் எனப்படும் வரிசை வீடுகள் ஏழில் இருந்த எண்பத்து நாலு குடும்பங்களும் தனி வீடுகளுக்கு மாறின. பாதைகளுக்குப் பெயர் வைத்தார்கள், கதவுக்குக் கதவு இலக்கம் அடித்தார்கள். ஆனால் தபால் மட்டும் பழையபடி தோட்டத்து ஆபிசுக்குத்தான் வந்தது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில், மேற்பார்வை செய்கிற கண்டாக்கு அதைக் கூப்பிட்டுக் கொடுப்பார், ஞாபகம் இருந்தால்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் தாதியர் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வுக் கடிதம் பிரியந்தியின் கைக்கு வந்தபோது தேர்வு முடிந்து ஒன்பது நாள். கண்டாக்கு கெட்ட மனிதர் இல்லை, மழைக்கோட்டின் பையில் வைத்து மறந்துவிட்டார். இந்த வருடம் அவள் மறுபடி விண்ணப்பித்தாள். வயதெல்லையின்படி இதுதான் கடைசித் தடவை. விண்ணப்பத்தில் துணிந்து புதிய முகவரியை எழுதிவிட்டாள்: இல. 52, பீலிக்கரைப் பாதை.

(அப்படி ஒரு பாதை இருப்பதே அப்போது தபால் கந்தோருக்குத் தெரியாது. பட்டியல் கொடுத்து அவர்கள் பதிந்தால்தான் கடிதம் வீடு தேடி வரும். பதியாவிட்டால் வந்த வழியே கொழும்புக்குத் திரும்பிவிடும். ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன். “பழைய அட்ரஸப் போட்டா பழையபடிதானே வரும்ண்ணே” என்றாள்.)

3.

பட்டியலைத் திருத்தத்தான் என் கடைக்கு வந்தாள். “7ஆம் லயம், 4ஆம் காம்பிரா” என்று இருப்பதை “இல. 52, பீலிக்கரைப் பாதை” என்று மாற்ற வேண்டும். லயத்து அறையைத்தான் காம்பிரா என்போம். எண்பத்து நாலு காம்பிரா, ஐந்து தாள். தேடு, மாற்று, தேடு, மாற்று என்று நானூற்று இருபது தடவை.

அவள் அதைக் கையால் செய்யப் போவதில்லை. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே ஒரு மேக்ரோ எழுதிக்கொண்டு வந்திருந்தாள். முதல் தாளில் ஓட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் லயம் எல்லாம் பாதையாகிவிட்டது. அவள் கதிரையை விட்டு எழுந்து நின்று பார்த்தாள். ஒரே தட்டில் ஒரு தோட்டமே வீடு மாறியதை நானும் பார்த்தேன்.

அந்த அவசரத்தில் பிரியந்தி ஒரு பிழை செய்தாள். அவள்—

4.

இல்லை. மேலே நிற்கிற அந்த வரி பொய். மூன்று வரைவுகளிலும் அதை அப்படியே எழுதி வைத்திருந்தேன். பிழை செய்தவன் நான்.

ஒவ்வொரு தாளாகத் திறந்து ஓட்டுவானேன், எல்லாத் தாளுக்கும் ஒரேயடியாக ஓடுகிற மாதிரி இரண்டு வரி சேர்த்துத் தருகிறேன் என்று விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். கோப்பை ஒரு கொப்பி எடுத்து வைப்போமா என்று கேட்டாள். தேவையில்லை என்றேன். மேக்ரோ செய்த வேலையை ‘அன்டூ’ தட்டித் திருப்ப முடியாது என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. ஓட்டினேன். முழுக் கோப்பையும் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்தேன். தாளின் பெயர் பிரின்டில் வராது. அதனால் ஆறாவது தாளையும் சேர்த்துத்தான் தபால் கந்தோருக்குக் கொடுத்தோம் என்பது இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

மறுநாள் தபால்காரர் விஜிதரன் பட்டியலோடு கடைக்கு வந்தார், பிரியந்தியும் அங்கே இருந்தாள். அவர் ஒரு பெயரில் விரலை வைத்தார். “இந்த அழகம்மா, ஒங்க அம்மாதானே? அவங்க சாவுக்கு நான் வந்தேனே.”

அழகம்மாவின் முகவரி: இல. 52, பீலிக்கரைப் பாதை. அவருக்கு மட்டுமில்லை, செத்துப்போன எழுபத்து நாலு பேருக்கும் வீடு கொடுத்திருந்தேன். இப்படி ஒரு பட்டியலில் மற்றவர்கள் மட்டும் சரியாக இருப்பார்கள் என்று எப்படி நம்புவது என்று தபால் அதிபர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்கு ஒருவர் கையெழுத்து வைத்துக் கொண்டுவந்தால் பதிவார், இல்லாவிட்டால் அடுத்த மாதம். அன்றைக்குப் புதன்.

விஜிதரன் போகும்வரை பிரியந்தி வாயைத் திறக்கவில்லை. பிறகு திறந்தாள். “நீங்க கெட்டிக்காரர்னு காட்டுறதுக்கு என் லெட்டர்தான் கெடச்சிச்சா?”

(சில சொற்களைத் தேடி, மாற்றி எழுதியிருக்கிறேன். அசல் இதைவிடச் சூடு.)

5.

வியாழக்கிழமை காலை கடையைப் பூட்டிவிட்டு நானும் பெரட்டுக் களத்துக்குப் போனேன். பெருமைக்குச் சொல்லவில்லை, அட்டையும் பேனாவும் பிடிக்கத்தான் போனேன்.

இந்த இடத்தில் கண்டாக்கை வில்லனாக்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. கதைக்கு வசதி. ஆனால் நடந்தது வேறு. அவர் ஆறாவது தாளை நீக்கிய பட்டியலைக் கையில் வாங்கி ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிட்டார். வந்தவர்கள் தங்கள் இலக்கத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி ஆள் போடும்வரை யாரையும் தேயிலை மலைக்கு வேலைக்கு அனுப்பவில்லை. மானேஜர் துரைக்கு என்ன பதில் சொல்வீங்க என்று ஒருவர் கேட்டதற்கு, “நான் பாத்துக்கிறேன்” என்றார். பிரியந்தியின் முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எண்பத்தொரு கையெழுத்து அங்கேயே சேர்ந்தது. மிச்சம் மூன்றையும் பின்னேரம் வீட்டுக்குப் போய் வாங்கினோம். வெள்ளிக்கிழமை தபால் அதிபர் முத்திரை குத்தினார். எனக்கு அழுகை வந்தது, வந்ததை மறைக்கவில்லை.

6.

கதையை அங்கே முடித்திருக்கலாம். ஆனால் சங்கத்துக் கோப்பில் அந்த எழுபத்து நாலு பேரும் இன்னும் புது வீடுகளிலேயே இருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பிரியந்தி தன் அப்பா மூக்கனோடு வந்தாள். அவர் கையில் சங்கத்தின் பழைய கொப்பி. மேக்ரோவைத் தலைகீழாக ஓட்டினால் ஒரு நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஒங்க ரெண்டு வரியும் வேணாம் என்றுவிட்டாள்.

மூக்கனுக்கு எதையுமே மாற்ற இஷ்டமில்லை. “கட்டி முடிக்கிறதுக்குள்ள போயிட்டா. பேராவது அந்த வீட்டுல இருக்கட்டுமே” என்றார்.

(முடிவு அ: அவள் சரி என்கிறாள். இறந்தவர்கள் எல்லோரும் புது வீட்டிலேயே இருக்கிறார்கள். வாசகர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதை எழுதியே முடித்துவிட்டேன், நன்றாகவும் வந்தது.)

ஆனால் பிரியந்தி சொன்னது இதுதான். “அம்மா செத்தது காம்பிராவுலப்பா. அத அழிச்சா, அவங்க பட்டதே இல்லேன்னு ஆயிரும்.”

மூக்கன் கொப்பியைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். அவள் ஒவ்வொன்றாகக் கையால் அடித்தாள். இருபதாவது பெயரோ என்னவோ, அழகம்மா வந்தது. “ஏழாம் லயம், நாலாம் காம்பிரா” என்று வாசித்தவர், கொப்பியில் இல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னார். “மழைக்கு ஒழுகும். பாயச் சுருட்டிக்கிட்டு உக்காந்திருப்பா.”

பிரியந்தி பக்கத்துக் கட்டத்தில் அதையும் அடித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பெயருக்கும் அவர் ஏதாவது சொன்னார். ஒருவர் காம்பிராவில் புகை போக வழியில்லை, ஒருவர் வாசலில் ரோசாச் செடி, ஒருவர் வீட்டில் எந்த நேரமும் ரேடியோ. முன்பு சொன்ன பெயர்களுக்கும் திரும்பிப் போய்ச் சேர்த்தார்கள். எழுபத்து நாலு வரி அடித்து முடிக்க நாலு மணித்தியாலம் ஆனது. நான் மூன்று தடவை தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

7.

பதினேழு நாள் கழித்து விஜிதரன் பீலிக்கரைப் பாதையில் ஏறிப் போய், ஐம்பத்திரண்டாம் இலக்கக் கதவைத் தட்டி, ஒரு கடிதத்தைப் பிரியந்தியின் கையிலேயே கொடுத்தார். நேர்முகத் தேர்வுக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. போய்வந்தாள். இவ்வளவும் எனக்குத் தெரியும்.

அதன் பிறகு என்ன ஆனது என்பதற்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் வெள்ளைச் சீருடையில் நிற்கி—

அடித்துவிட்டேன். அவளிடம் கேட்காமல் அவளுடைய விஷயத்தில் ஏற்கெனவே ஒருமுறை கை வைத்தவன் நான். முடிவு வேண்டுமென்றால் என்னைக் கேட்காதீர்கள். ஒரு முத்திரை வாங்கி ஒட்டி அவளுக்கே எழுதிக் கேளுங்கள். கண்டிப்பாகப் போய்ச் சேரும்.

மூ. பிரியந்தி,
இல. 52,
பீலிக்கரைப் பாதை,
கந்தப்பளை.