வீட்டு முகவரிக்கு ஒரு நகல்

அந்த வருடத்தின் பதினேழாவது எச்சரிக்கைக் கடிதத்தை மேடம் தன் பெயருக்கே தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பல்கலைக்கழக முதுகலைப் பிரிவின் மூன்றாம் ஜன்னலில் பன்னிரண்டு வருடமாக உட்கார்ந்திருப்பவள். மாணவர்கள் வைத்த பெயர் சட்டம் மேடம். ஒரு பாடத்தில் தோற்றால் ஒரே ஒரு தடவை திரும்பப் படிக்கலாம். அதிலும் கோட்டை விட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். எச்சரிக்கைக் கடிதத்தின் நகல் ஒன்று வீட்டு முகவரிக்கும் போகும். இந்த மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். நாற்பத்தாறு வயதில் மாலை நேர முதுகலையில் சேரச் சொல்லி யார் அழுதார்கள்? புள்ளியியலில் நூற்றுக்கு முப்பத்தொன்று, ஃபெயில்.

திரும்பப் படிப்பதுகூடப் பரவாயில்லை. அந்த நகல்தான் பிரச்சினை. போன வருடம் மகள் ஒரு பாடத்தில் தோற்றபோது, அவள் கல்லூரிக் கடிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து மாட்டியவள் இவள்தான். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் போய் வாசித்துவிட்டு வந்தார்கள். மகள் பாஸ் பண்ணிய பிறகும் மேடம் அதை எடுக்கவில்லை. பயம் இருக்கட்டும் என்றாள்.

அட்டெண்டர் தபால் பையோடு வந்து நின்றார்.

"பதினேழும் ஆச்சா மேடம்?"

"பதினாறு எடுத்துக்கங்க. ஒண்ணை நான் நேர்ல குடுத்துக்கறேன்."

அவர் பதிவேட்டைப் பார்த்தார். பதினேழாவது வரியில் இருந்த மேடத்தின் பெயரில் விரலை வைத்து, மேடத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். "போன மாசம் ஒரு பொண்ணு இங்க நின்னு அழுதுச்சே, வீட்டுக்கு மட்டும் அனுப்பாதீங்கன்னு. நீங்க குடிக்கத் தண்ணி குடுத்தீங்க. கடிதமும் போச்சு."

மேடத்துக்குச் சுருக்கென்றது. பாவி மனுஷன், அதை இப்போதுதானா ஞாபகப்படுத்த வேண்டும்? உறையை ஒட்டித் தானே தபால் பையில் போட்டாள்.

ஆனால் வீட்டில் அதை யார் கையில் எடுக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லையே. மூன்று நாள் அரை மணி முன்னதாகவே வீட்டுக்கு ஓடித் தபால் பெட்டியைத் துழாவினாள். நாலாம் நாள் பார்த்து ஆபீஸில் ஒரு மீட்டிங் இழுத்துக்கொண்டே போனது.

கதவைத் திறந்தது மகள்.

"ஏம்மா சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கும் அப்படித்தாம்மா இருந்துச்சு."

மேடம் செருப்பைக் கழற்றிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். ஃப்ரிட்ஜ் கதவில் மகளின் கடிதம் இல்லை. அதே காந்தத்தின் கீழ் இவளுடையது இருந்தது. அனுப்புநர், பெறுநர் இரண்டு இடத்திலும் ஒரே பெயர். 'ஒரே ஒரு தடவை' என்பதன் அடியில் சிவப்புக் கோடு. அதன் முன்னால் கணவர், கையில் தண்ணீர் டம்ளரோடு, இரண்டாவது பத்தியை வாசித்துக்கொண்டிருந்தார்.