ஒரு சொட்டு மெஷின் எண்ணெய்

ராஹில் ரைபிளைப் புதிதாக வாங்கத்தான் ஆசைப்பட்டான். தடுத்தவள் தங்கை சாதியா.

"புதுசு வாங்குனா அதோட கை காலியாயிரும் காக்கா. பழசா ஒண்ணு வாங்கி, மிச்சத்துல உள்ள இருக்க சாமான மாத்துவோம்."

அவர்கள் வீட்டில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஏர்சாஃப்ட் ரைபிள் ஆளைக் கொல்லாது. பேட்டரியில் ஓடும், பிளாஸ்டிக் குண்டைத் துப்பும், பட்டால் சுள்ளென்று வலிக்கும், அவ்வளவுதான். நெருள் ஸ்டேஷனைத் தாண்டி ஒரு மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு கட்சியாகப் பிரிந்து விளையாடுவார்கள். குண்டு பட்டவர் வெளியேற வேண்டும். தாராவியில் தோல் பை தைக்கும் ராஹில்தான் முதலில் போனான். வேடிக்கை பார்க்கக் கூட வந்த சாதியா, வாடகைத் துப்பாக்கியை வாங்கி முதல் நாளே அவனை வீழ்த்தினாள். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

வாஷியில் ஒருவர் இரண்டு பழைய ரைபிள்களை விற்பனைக்கு வைத்திருந்தார். ராஹிலின் கண் தொலைநோக்கி மாட்டிப் பளபளத்ததன் மேலேயே இருந்தது. சாதியா இரண்டையும் சுட்டுப் பார்த்து, காது கொடுத்துக் கேட்டாள். பளபளப்பதன் கியர் கரகரத்தது.

"எல்லாம் வெளி மினுக்கு. இதான் வேணும்," என்று கீறல் விழுந்த மற்றதை எடுத்துக்கொண்டாள்.

"கட்டி ஸ்பிரிங்கா போட்டா குண்டு பறக்கும்லா?" என்றான் ராஹில், வீடு திரும்பும்போது.

"பறக்கும். கியர் பல்லும் சேந்து பறக்கும். மொதல்ல ரப்பரு."

குண்டு குழாய்க்குள் நுழையும் இடத்தில் சின்னதாக ஒரு ரப்பர் இருக்கும். அது குண்டைத் தேய்த்துச் சுழல விட்டால்தான் குறி தவறாமல் தூரம் போகும். பழைய ரப்பர் கழற்றும்போதே கிழிந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் சாதியாவுக்கு நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது.

மாப்பிள்ளைக்கு மேலப்பாளையம். தங்கமான பையன், சாதியாவுக்கும் பிடித்திருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஊரில் இப்படி ஒரு மைதானம் கிடையாது, துப்பாக்கி தூக்கும் மருமகளும் கிடையாது. நிக்காஹுக்கு முந்தின ஞாயிறுதான் அவளுடைய கடைசி ஆட்டம். இத்தனை காலம் வாடகைத் துப்பாக்கியில் ஆடியவள் சொந்த ரைபிளில் ஆடப்போகும் முதல் ஆட்டமும் அதுதான். அந்த ஒரு நாள் அவளுக்கு நன்றாக அமைய வேண்டும். ராஹிலுக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த நினைப்புதான் வினையானது. சாதியா புது ரப்பர் மாட்டி வைத்திருந்த ரைபிளைச் சனிக்கிழமை பட்டறைக்கு எடுத்துப் போனான். பெரிய ஆர்டர் தொடங்குமுன் தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் விடுவது அங்கே வழக்கம். ஃபேன் முனகினாலும் ஷட்டர் சிக்கினாலும் அதே எண்ணெய்தான். எண்ணெய் விடாமல் ஒரு சாமானை வேலைக்கு அனுப்புவது, பிள்ளையைப் பட்டினியாகப் பள்ளிக்கு அனுப்புகிற மாதிரி அவனுக்கு. சிலிக்கான் எண்ணெய் தவிர எதுவும் ஆகாது என்று சாதியா சொன்னது எந்தக் காதில் ஏறியதோ! குழாயைப் பார்த்துப் பார்த்துத் துடைத்தான். ஒரு சொட்டில் தொடங்கி, ஆசை தீர விட்டான்.

மறுநாள் மைதானத்தில் சாதியா ஆட்டத்துக்கு முன் ஒரு தகர டப்பாவைக் குறி பார்த்தாள். முதல் குண்டு வானத்துக்குப் போனது. அடுத்தது காலடியில் விழுந்தது. இன்னும் சில சுட்டுவிட்டு, குழாயைக் கழற்றி முகர்ந்து பார்த்தாள்.

"காக்கா, மெஷின் எண்ண விட்டியா?"

"ஆமா... நல்லா வழுக்கிட்டுப் போட்டும்னு..."

புது ரப்பர் ஊறி, உப்பி, கொழகொழத்துக் கிடந்தது. அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். குழாயைத் திரும்ப மாட்டி, ரைபிளைப் பைக்குள் வைத்தாள். அவன் தனக்காக எடுத்திருந்த வாடகைத் துப்பாக்கியை அவள் கையில் திணித்தான். அவன் மனம் நோகக்கூடாதென்று வாங்கிக்கொண்டு போனாள். போன வேகத்தில் குண்டு பட்டு வெளியே வந்தாள். அவ்வளவு சீக்கிரம் அவள் வெளியேறி யாரும் பார்த்ததில்லை.

"இன்னொரு ஆட்டம் போயேன்," என்றான்.

"போதும் காக்கா. மருதாணி போட ஆளு வருவாவ."

திரும்பும் ரயிலில் ரைபிள் அவன் மடியில் பைக்குள் கிடந்தது. தங்கைக்கு ஒரு நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே! சும்மா இருக்க முடியவில்லை.

"வேற ரப்பரு ஆர்டர் போட்டுருதேன். வந்ததும்..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான்.

"போடு," என்றாள் சாதியா. "வந்ததும் நீ மாட்டி ஆடு. ஒனக்குக் குறி வலப்பக்கம் இழுக்கும், கொஞ்சம் எடப்பக்கமா வச்சுச் சுடு. அப்புறம் அந்த எண்ண..."

"நீ இல்லாம யாருகூட ஆடுததுக்கு?"

சாதியா முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டு அழுதாள். அவர்கள் வடாலாவில் இறங்கி வண்டி மாற வேண்டும். வடாலா வந்தது, போனது. இருவரும் எழுந்திருக்கவில்லை.